கேம்பர்வேனுக்கு எல்இடி: விளக்குக்கு முன் வோல்ட்டைக் கேளுங்கள்

பினாங்குத் தீவுக்குக் கேம்பர்வேனில் வருகிறவர்கள் பெர்ரியில் வர முடியாது. 2021 முதல் பெர்ரி ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சைக்கிள்களையும்தான் ஏற்றுகிறது. ஆகவே 1985-இல் திறந்த பழைய பாலம், இல்லாவிட்டால் 2014-இல் திறந்த இரண்டாம் பாலம். பழைய பாலம் தீவில் இறங்கும் இடத்திலிருந்து எங்கள் ஜெலுத்தோங் பக்கம்தான். பத்து பெரிங்கி, தெலுக் பாஹாங், பாலிக் பூலாவ் என்று தங்கப் போகிறவர்களில் தெரிந்தவர்கள் சிலர் முதலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வண்டியை நிறுத்துகிறார்கள். உள்ளே விளக்கு மாற்ற வேண்டும் என்பார்கள்.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். மூன்று ஷிப்டுக்கும் பாயான் லெப்பாஸுக்கு ஆட்களை ஏற்றி இறக்கியவர். நான் அதே பாயான் லெப்பாஸில், எல்இடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் 1985-இல் ஆபரேட்டராகச் சேர்ந்து டெக்னீஷியனாக ஓய்வு பெற்றவள். வண்டியை அவர் பார்ப்பார்; விளக்கை நான் பார்ப்பேன். வருகிறவர்கள் மீட்டரை எடுக்கும் என்னைப் பார்த்துக் கேட்பது ஒரே கேள்விதான்: "என்னக்கா, பழைய பல்பைக் கழற்றிட்டுப் புதுசை மாட்டினா முடிஞ்சது. இதுக்கு எதுக்கு மீட்டர்?"

வீட்டில் அது சரி. சுவரில் வரும் 240 வோல்ட் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வேனில் 12 வோல்ட் என்று எழுதியிருப்பது வெறும் பெயர். இஞ்சின் ஓடும்போது அது 14-ஐத் தாண்டும், இரவில் பேட்டரி இறங்க இறங்க 12-க்கும் கீழே போகும். பழைய கண்ணாடி பல்ப் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொண்டது. எல்இடி தாங்காது. கேம்பர்வேன் உள்விளக்கை மாற்றுவதில் விஷயம் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அண்மையில் சுங்கை பட்டாணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதி வந்தார்கள். ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய மோட்டார்ஹோம். கூரையில் ஆறு ஹாலஜன் விளக்குகள், ஒவ்வொன்றும் 10 வாட். சமையல் மேடைக்கு மேல் ஒரு சின்னக் கலிமந்தாங் குழல் விளக்கு. ஆறில் இரண்டை ஆசிரியர் தாமே எல்இடி ஆக்கியிருந்தார். மாற்றிய சில வாரத்தில் ஒன்று செத்துவிட்டது. மற்றது விட்டு விட்டுச் சிமிட்டியது. "எல்இடி இருபது வருஷம் வரும்னு சொன்னாங்களே, இது ஒரு மாசம்கூட வரலையே" என்று டீச்சரம்மா வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம்.

முதலில், எதற்காக மாற்ற வேண்டும் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். ஆறு ஹாலஜனும் எரிந்தால் 60 வாட். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர். மாலை ஏழிலிருந்து நள்ளிரவு வரை ஐந்து மணி நேரம் எரிந்தால் பேட்டரியிலிருந்து 25 ஆம்பியர்-மணி போய்விடும். வேனில் உள்ள ஈய பேட்டரி 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும், அதில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். கையில் இருப்பது 50 மட்டுமே. விளக்கே அதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டது. கூரையில் 100 வாட் சோலார் பலகை வைத்திருக்கிறார்கள்; எங்கள் ஊர் வெயிலில் நல்ல நாளில் அது தருவது ஏறக்குறைய அந்த 25-தான். பகல் முழுவதும் சூரியன் சேர்த்ததை ஆறு பல்புகள் ஐந்து மணி நேரத்தில் தீர்த்துவிடுகின்றன.

அதே ஆறு இடத்திலும் 2 வாட் எல்இடி போட்டால் மொத்தம் 12 வாட், 1 ஆம்பியர். ஐந்து மணி நேரத்துக்கு 5 ஆம்பியர்-மணி போதும். மிச்சம் 20. கடலோரத்தில் காற்று நின்றுபோன ஓர் இரவைப் பினாங்கில் கழித்தவர்களுக்கு இந்த மிச்சத்தின் அருமை தெரியும். 2 ஆம்பியர் இழுக்கும் 12 வோல்ட் விசிறி அந்த இருபதில் பத்து மணி நேரம் சுழலும். விளக்கு விட்டுக்கொடுத்ததை விசிறி வாங்கிக்கொள்கிறது.

வெப்பக் கணக்கு இன்னொன்று. ஹாலஜன் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பங்கை வெப்பமாகத்தான் விடுகிறது. தாழ்ந்த கூரையுள்ள சின்ன அறையில், தலைக்கு ஒரு முழம் மேலே ஆறு சூடான கண்ணாடிகள். ஆசிரியர் வேனில் விளக்குக் கிண்ணத்தைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. வெயில் படாத இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறினால் பெரும்பாலும் வெப்பம்தான் காரணம்.

நான் பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில். லயத்து வீடுகளுக்கு ஜெனரேட்டர் மின்சாரம். இரவு குறித்த நேரம் ஆனதும் நின்றுவிடும். படிக்கிற பிள்ளைகள் அதற்குள் படித்து முடிக்க வேண்டும். அளந்து வரும் மின்சாரத்தில் வளர்ந்தவள் என்பதால் ஒரு வாட் வீணானாலும் எனக்கு உறுத்தும். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு எல்இடி வேலைக்கு வந்ததை இன்றும் நல்லூழ் என்றே நினைக்கிறேன்.

அந்த வேலை எப்படி இந்தத் தீவுக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கேம்பர்வேனில் எல்இடி மாட்டுகிற பினாங்குக்காரர் பலருக்கே அந்த விளக்கு உலகத்துக்குப் போன வழிகளில் ஒன்று தம் ஊர் என்று தெரிவதில்லை. 1969-இல் பினாங்கு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, வேலையில்லாத் திண்டாட்டத்தைத் தீர்க்க 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரத்தைத் தொடங்கினார். இண்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், போஷ், ஹித்தாச்சி, கிளாரியன், லிட்ரானிக்ஸ் என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை எட்டு சாமுராய்கள் என்று ஊரில் சொல்வார்கள். லிட்ரானிக்ஸ் எல்இடி நிறுவனம். அது பின்னால் சீமென்ஸ் கைக்குப் போய், ஆஸ்ராம் ஆகி, இன்று ஏஎம்எஸ் ஆஸ்ராம். ஹியூலெட் பேக்கார்டின் எல்இடித் தொழில் அஜிலெண்டுக்குப் போனது. அஜிலெண்டும் பிலிப்ஸும் 1999-இல் கூட்டாகத் தொடங்கியதுதான் லூமிலெட்ஸ். பாலத்துக்கு அப்பால் கெடா மாநிலம் கூலிமில் 2017-இல் ஆஸ்ராம் ஓர் எல்இடி சில்லு ஆலையையே திறந்தது.

நான் சேர்ந்தபோது எல்இடி என்றால் சிவப்பு, மஞ்சள், இளம்பச்சை. சிவப்பு எல்இடியை 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் செய்து காட்டியிருந்தார். கால்குலேட்டர் எண்கள், ரேடியோவின் சின்னப் பொட்டு விளக்கு, இவற்றுக்குத்தான் அது பயன்பட்டது. நீலம் இல்லை, நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை, வெள்ளை இல்லாமல் அறைக்கு விளக்கு இல்லை. மணல் துகள் அளவுள்ள சில்லை வெள்ளித் தட்டில் ஒட்டுவோம். அதன் தலையிலிருந்து காலுக்குத் தங்கக் கம்பி இழுப்போம். கம்பியின் தடிமன் மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு, தலைமுடியை விட மெல்லியது. மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து எட்டு மணி நேரம். என் வரிசையில் இருந்தவர்கள் தமிழ், மலாய், சீனப் பெண்கள், பாதிப் பேர் செபராங் பிறையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். அந்தக் கம்பி எவ்வளவு மின்சாரம் தாங்கும், எப்போது அறுந்துபோகும் என்பதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அறுந்ததைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

1993-இல் ஜப்பானில் நிச்சியா நிறுவனத்தின் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்இடியைக் கொண்டுவந்தார். அதற்கு அடித்தளம் போட்டவர்கள் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும். மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலச் சில்லின் மேல் பாஸ்பர் என்ற மஞ்சள் பொடியைப் பூசினால் வெள்ளை ஒளி வரும். பார்ப்பதற்கு நம் வீட்டு மஞ்சள்தூள் போலவே இருக்கும். பொடியின் கலவையும் பூச்சின் கனமும்தான் வெளிச்சம் குளிர்ந்த வெள்ளையா, இதமான மஞ்சளா என்பதை முடிவு செய்கின்றன. நம் வேன் கூரையில் எரிவதும் அந்தப் பொடி பூசிய நீலச் சில்லுதான்.

ஆசிரியரின் செத்த பல்புக்கு வருகிறேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு சில்லின் நடுவில், மஞ்சள் பூச்சில் கரும்புள்ளி. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தில் வெந்ததற்கு அதுவே அடையாளம். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு மூன்று ரெசிஸ்டர்கள், வேறு ஒன்றும் இல்லை. அந்த பல்பின் தலைவிதி அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

காரணத்தை விளக்குகிறேன். மலிவான 12 வோல்ட் விளக்கில் வழக்கமாக மூன்று எல்இடிகளைத் தொடராக இணைத்து ஒரு ரெசிஸ்டரைச் சேர்ப்பார்கள். ஒரு வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், மூன்றுக்கு 9. மிச்சமுள்ள 3 வோல்ட்டை ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ளும். ஓடும் மின்னோட்டத்தின் அளவு அந்த மிச்சத்தைப் பொறுத்தது. இப்போது இஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஆல்டர்னேட்டர் 14.4 வோல்ட் கொடுக்கும். எல்இடிகள் முன்போல 9 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் எடுக்கும். ரெசிஸ்டருக்கு வரும் மிச்சம் 3-லிருந்து 5-ஐ எட்டிவிடும். வோல்ட் ஏறியது ஐந்தில் ஒரு பங்கு. மின்னோட்டம் ஏறுவதோ பாதிக்கும் மேல். சில்லு சூடாகும், சூடானால் இன்னும் சுலபமாக மின்சாரத்தை விடும், மேலும் சூடாகும். பகலில் பூட்டிக் கிடந்து கொதிக்கும் வேனுக்குள் இது நடக்கும்போது அந்த எல்இடிக்கு ஆயுள் ஏது?

போதாததற்கு வண்டி மின்சாரத்தில் திடீர்த் துள்ளல்கள் உண்டு. தண்ணீர் பம்பு நிற்கும்போது, ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் நிற்கும்போது, பேட்டரி முனை தளர்ந்து ஒரு கணம் விட்டுப் போகும்போது வோல்ட்டேஜ் நொடியின் சிறு துளிக்குப் பல மடங்கு எகிறும். கண்ணாடி பல்பின் இழை அதை உணர்வதற்குள் அது அடங்கிவிடும். எல்இடிச் சில்லுக்கு அந்தத் துளி நேரமே அதிகம்.

ஆசிரியரை வேனுக்குள் உட்கார வைத்து மீட்டரைக் காட்டினேன். இஞ்சின் நிற்கையில் 12.6. என் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். 14.3. "இவ்வளவு வித்தியாசமாக்கா?" என்றார் ஆசிரியர். இவ்வளவுதான் சார். உங்கள் பல்ப் செத்ததற்கு இதுதான் காரணம்.

ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் எழுத்து 12V என்பது அல்ல. "10–30V" அல்லது "9–32V" என்று ஒரு நீட்சியாக எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால் உள்ளே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் இருக்கிறது என்று பொருள். வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் சில்லுக்குப் போகும் மின்னோட்டத்தை அது ஒரே அளவில் வைத்திருக்கும். எழுத்தை மட்டும் நம்பாமல் பொருளையும் திருப்பிப் பாருங்கள். சின்னக் கறுப்பு ஐசி ஒன்றும், பக்கத்தில் ஒரு சுருளும் தெரிந்தால் நல்லது. வெறும் ரெசிஸ்டர் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு விளக்குக்குச் சில வெள்ளி கூடும். அந்தச் சில வெள்ளியைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். லித்தியம் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13-க்கு மேல்தான் நிற்கும்.

ஹாலஜனுக்குப் பயன்படும் இரண்டு ஊசி பல்பை ஜி4 என்பார்கள். அதே ஊசி அளவில் எல்இடி கிடைக்கிறது. ஆனால் உயரமும் அகலமும் கூடுதலாக இருக்கும். மேல் கண்ணாடி மூடாது. கடைக்குப் போகுமுன் கிண்ணத்தின் ஆழத்தை அளந்துகொண்டு போங்கள். ஆசிரியர் வேனின் கிண்ணம் ஆழமில்லாதது. ஊசி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டை வட்ட எல்இடிதான் பொருந்தியது. கதவு விளக்கில் இரு முனையிலும் உலோக மூடியுள்ள சின்னக் குழாய் பல்ப் இருந்தது. அதற்கு மூடிக்கு மூடி நீளம் அளக்க வேண்டும். ஹாலஜனுக்கு பிளஸ், மைனஸ் எப்படிப் போனாலும் ஒன்றுதான். எல்இடியில் சிலதற்கு மட்டும் அப்படி. மாட்டி எரியவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று வீசாதீர்கள், திருப்பி மாட்டிப் பாருங்கள்.

பழைய உதிரிகளுக்கு எனக்குப் பிடித்த இடம் லோரோங் கூலிட் காலைச் சந்தை. பழைய கிண்ணங்கள், சுவிட்சுகள், கிளிப்புகள் எல்லாம் அங்கே தேடினால் கிடைக்கும். விளக்கை மட்டும் அங்கே வாங்க மாட்டேன். எல்இடியின் கேடு வெளியில் தெரியாது.

சமையல் மேடைக் கலிமந்தாங்குக்குத் தனிக் கவனம் வேண்டும். வேனில் உள்ள குழல் விளக்கினுள் 12 வோல்ட்டைப் பல மடங்கு உயர்த்தும் ஓர் இன்வெர்ட்டர் அட்டை இருக்கும். குழலைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எல்இடி குழலைச் செருகினால் அந்த உயர்ந்த வோல்ட்டேஜ் நேராக எல்இடிக்குப் போகும். அட்டையை முழுவதும் கழற்றி எடுத்து, 12 வோல்ட் கம்பியைப் புதிய விளக்குக்கு நேரே கொடுக்க வேண்டும். அட்டையில் தொட்டால் அதிர்ச்சி அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். பியூஸை உருவி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் தொடுங்கள். ஆசிரியர் வேனில் அந்தப் பெட்டியின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே அலுமினியச் சட்டத்தில் எல்இடி பட்டையைப் பொருத்தினேன். வெளியிலிருந்து பார்த்தால் பழைய விளக்கேதான்.

பட்டை என்றதும் பலர் நேராகப் பிளைவுட்டில் ஒட்டிவிடுகிறார்கள். எங்கள் ஊர் வெப்பத்தில் அந்தப் பசை சில மாதத்தில் விட்டுவிடும், பட்டை தொங்கும். அலுமினியச் சட்டம் பசையைக் காப்பாற்றும், சூட்டையும் இழுத்து வெளியே விடும். எல்இடி முன்பக்கம் குளிர்ச்சியாக இருப்பதால் சூடே இல்லை என்று நினைக்கிறோம். அதன் சூடு பின்பக்கம் போகிறது. போக வழி இல்லையென்றால் வெளிச்சம் மங்கும், பிறகு நிறம் மாறும், பிறகு அணையும். ரெசிஸ்டர் வைத்த பட்டைக்கு முன்னால் 12 வோல்ட்டில் நிலைநிறுத்தும் சின்ன ரெகுலேட்டர் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும்.

கடல் உப்பை மறக்கக் கூடாது. கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் பல்ப் பிடியின் பித்தளை பச்சை பூத்திருக்கும். ஹாலஜன் ஓர் ஆம்பியருக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டு அந்தப் பாசியைத் தாண்டி எரிந்தது. எல்இடியின் சொற்ப மின்னோட்டத்துக்கு அதே பாசி பெரிய தடை. சிமிட்டலுக்கு இதுவும் ஒரு காரணம். நைஸ் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, தொடர்பு கிரீஸ் துளி தடவி மாட்டினால் போதும். ஆசிரியரின் இன்னொரு பல்ப் சிமிட்டியதற்குப் பாதிக் காரணம் இது. சுத்தம் செய்ததும் கொஞ்சம் ஒழுங்காக எரிந்தது. ஆனாலும் அதைத் திரும்ப மாட்டவில்லை.

நிறத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. நம் வீடுகளில் 6500 கெல்வின் என்று எழுதிய டேலைட் வெள்ளைதான் எல்லோரும் வாங்குகிறார்கள். வெள்ளையாக இருந்தால் பிரகாசம் என்று நினைப்பு. வேன் என்பது சமைக்கிற, சாப்பிடுகிற, தூங்குகிற ஒரே அறை. அதில் அந்த நீலம் கலந்த வெள்ளை உடம்பைத் தூங்கவிடாது. 2700 அல்லது 3000 கெல்வின் போடுங்கள். மங்கலாகத் தோன்றினால் ஒரு விளக்கைக் கூட்டுங்கள், நிறத்தை மாற்றாதீர்கள். அதோடு சிஆர்ஐ என்ற எண்ணைப் பாருங்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு 100-க்குக் கொடுக்கும் மதிப்பெண் அது. சமையல் மேடைக்கு 90-க்கு மேல் வேண்டும். பாலிக் பூலாவ் சந்தையில் காலையில் வாங்கிய மீன், 70 மதிப்பெண் விளக்கில் பழைய மீனாகத் தெரியும். குழம்பு சாம்பல் பூத்துக் கிடக்கும். டீச்சரம்மா புதிய பட்டைக்குக் கீழே ஒரு தக்காளியை வைத்துப் பார்த்தார். "இப்பத்தான் தக்காளி தக்காளியா இருக்கு" என்றார்.

வாசலுக்கு வெளியே எரியும் விளக்கைத் தேன் மஞ்சளாகப் போட்டால் பூச்சித் தொல்லை குறையும். பூச்சிகளை இழுப்பது நீல ஒளியும் புற ஊதாவும்தான். தெலுக் பாஹாங் பக்கம் காட்டோரமாக நிறுத்துகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

விளக்கைப் போட்டதும் ரேடியோவையும் போட்டுப் பாருங்கள். டிரைவர் உள்ள எல்இடி வேண்டும் என்றேன். அந்த டிரைவரை மட்டமாகச் செய்திருந்தால் அதுவே வானொலி அலைகளைக் கிளப்பும். விளக்கு எரியும்போது மின்னல் எஃப்எம் இரைந்து, அணைத்ததும் தெளிந்தால் குற்றம் விளக்கில். அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பியூஸ் பற்றிப் பலர் கவலைப்படுவதில்லை. எல்இடி குறைவாகத்தானே இழுக்கிறது, பழைய பியூஸ் போதாதா என்பார்கள். பியூஸ் காப்பது விளக்கை அல்ல, கம்பியை. பழைய தடித்த கம்பியோடு புதிதாக மெல்லிய கம்பியைச் சேர்த்து எல்இடிக்குக் கொண்டுபோனால், அந்த மெல்லிய கம்பி தாங்கும் அளவுக்குத்தான் பியூஸ் இருக்க வேண்டும். 15 ஆம்பியர் பியூஸுக்குப் பின்னால் நூல் கம்பி உரசி ஷார்ட் ஆனால் பியூஸ் போவதற்கு முன் கம்பி எரியும். எரிவது பிளைவுட் சுவருக்குள், பக்கத்தில் கேஸ் அடுப்பு. நான் விளக்குச் சுற்றுக்கு 3 ஆம்பியர் போடுகிறேன். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். வண்டி ஆட்டத்தில் தளரும். சரியான கிளிப்பைக் கிரிம்ப் செய்யுங்கள்.

ஜப்பான் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். வண்டியின் உள்ளே உள்ள சில பிளக்குகளும் விளக்குகளும் அதற்காகச் செய்தவை. முகாம் இடத்தில் கிடைக்கும் நம் 240 வோல்ட்டை அதில் கொடுத்தால் முடிந்தது கதை. 12 வோல்ட் பக்கம் நாம் கை வைக்கலாம். 240 பக்கம் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் வர வேண்டும். நானும் அதைத் தொடுவதில்லை. 240 வோல்ட் பல்பை இன்வெர்ட்டர் வழியாக எரிப்பதும் வீண். இன்வெர்ட்டர் விழித்திருப்பதற்கே பேட்டரி செலவாகும். வண்டியின் வெளி விளக்குகள், முன்விளக்கு, பிரேக், சிக்னல் எதையும் இந்த வேலையோடு சேர்க்காதீர்கள். அவை சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) சட்டத்துக்கு உட்பட்டவை.

ஆசிரியர் தம்பதி அன்று சாயங்காலம் பாலிக் பூலாவுக்குப் போனார்கள். புதிய விளக்குகள் இஞ்சின் ஓடும்போதும் நிற்கும்போதும் ஒரே அளவில் எரிந்தன. மொத்தம் எடுப்பது ஓர் ஆம்பியருக்குச் சற்று மேல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழற்றிய கலிமந்தாங் குழலைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், உடைக்காதீர்கள். அதற்குள் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் கூடி, இந்தக் குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவது என்று முடிவெடுத்திருக்கின்றன. பழைய குழலைத் துணியில் சுற்றி, பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் மறுசுழற்சி மையத்தில் கேட்டு ஒப்படையுங்கள். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் நகராண்மைக் கழகத்தில் மின்னியல் கழிவை எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரித்து அங்கே கொடுங்கள்.